ஸ்ட்ராவை நிறுத்தியாச்சு, நீல வேப்பரைசர் ஓடுது: ஆஸ்பத்திரியின் கார்பன் கணக்கு

தூங்கவைப்பவர் எழுதியது:

மயக்க மருந்து டாக்டராக 17 வருடம் ஓடிவிட்டது. தென் மாவட்டத்தில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் தினம் கொண்டாடினோம். வாசலில் நாலு வேப்பங்கன்று, கேன்டீனில் இனி பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது என்று ஒரு போர்டு, அப்புறம் குரூப் போட்டோ. போட்டோ முடிந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் டேபிள் 2-இல் நீல வேப்பரைசர் (மயக்க மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் கருவி) ஓடிக்கொண்டிருக்கிறது. டெஸ்ஃப்ளூரேன்.

தெரியாதவர்களுக்கு: ஆபரேஷன் முடியும்வரை நோயாளி தூங்கிக்கொண்டிருக்க மூச்சில் கலந்து கொடுக்கும் மருந்து இது. மஞ்சள் வேப்பரைசர் என்றால் செவோஃப்ளூரேன், ஊதா என்றால் ஐசோஃப்ளூரேன், நீலம் டெஸ். டெஸ் 23 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அதன் வேப்பரைசருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, 39 டிகிரியில் சூடாக வைத்திருப்பார்கள்.

டீ இடைவேளையில் பேப்பரில் ஒரு கணக்குப் போட்டேன். டெஸ் ஒரு பாட்டில் 240 மில்லி, எடை சுமார் 350 கிராம். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,500 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் வாயு. ஆக ஒரு பாட்டில் 890 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பெட்ரோலில் சொன்னால் 380 லிட்டர். அதே அளவு செவோ பாட்டில் 50 கிலோதான், 20 லிட்டர் பெட்ரோல். இதில் இன்னொன்று, செவோ 2 சதவீதம் கொடுக்கும் இடத்தில் டெஸ் 6 சதவீதம் கொடுக்க வேண்டும்.

நோயாளியின் உடம்பு இந்த மருந்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை. மூச்சில் போனது மூச்சில் திரும்பி வரும், குழாய் வழியே மொட்டைமாடிக்குப் போகும், அங்கிருந்து வானம். எத்தனை லட்சம் ஸ்ட்ராவை நிறுத்தினால் ஒரு டெஸ் பாட்டிலுக்கு ஈடாகும் என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம் அமைப்பு 2019-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தின் பசுமைக்குடில் வாயுவில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறதாம். இந்தத் துறை ஒரு நாடாக இருந்தால் மாசில் ஐந்தாவது இடம். உங்கள் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

---

கேள்விக்குறி எழுதியது:

டாக்டர், அதே அறிக்கையில் கணக்குப் பார்த்த 43 நாடுகளில் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஆகக் கடைசியில் இருப்பது இந்தியா. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அமெரிக்கா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் சேர்ந்தால் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது.

2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் முதன்முறையாக மருத்துவத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, ஒரு பிரகடனம் வாசித்தார்கள். 120-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியா போடவில்லை. மருத்துவத் துறையில் குளிரூட்டுவதற்கான வாயுக்களைக் குறைக்கச் சொல்வது நம் ஊருக்கு நடைமுறையில் ஒத்துவராது என்பதுதான் காரணமாகச் செய்திகளில் வந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்கே கரண்ட் நிலையாக இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களை வைத்துக்கொண்டு கார்பனைக் குறை என்றால், எதைக் குறைக்க?

---

தூங்கவைப்பவர் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் சுகாதார நிலையத்தைச் சொல்லவில்லை. எங்கள் டேபிள் 2-ஐச் சொன்னேன். அங்கே படுத்திருப்பவருக்கு செவோ கொடுத்தாலும் அதே தூக்கம்தான். நோயாளி ஐந்து நிமிடம் முன்னால் கண் விழிப்பார் என்பதற்காக டெஸ் போடுகிறோம். உடல் பருமன் அதிகம் உள்ளவர், நீண்ட ஆபரேஷன் என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பு உண்டு. ஹெர்னியாவுக்கு என்ன அவசரம்?

---

பயோமெட் பாண்டி எழுதியது:

கேள்விக்குறி சார், நீங்கள் சொன்ன ஃபிரிட்ஜ் விஷயத்துக்கே வருகிறேன். சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாநில அரசின் மரபுசாரா எரிசக்தி முகமை கூரையில் சோலார் போட்டுக் கொடுத்தது. மாசு குறைப்பதற்காக இல்லை, ராத்திரியில் பிரசவம் பார்க்க லைட் வேண்டும், தடுப்பூசி கெடக் கூடாது என்பதற்காக. பின்னால் போய்ப் பார்த்தால் சோலார் இருந்த நிலையங்களில் கூடுதல் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள், பிரசவமும் கூடுதல். டீசல் ஜெனரேட்டருக்குக் கேனில் டீசல் வாங்கிச் சுமந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கார்பன் குறைப்பதும் வசதி செய்வதும் எப்போதும் எதிரெதிர் இல்லை.

---

லீட்ஸ் மலர் எழுதியது:

வணக்கம். நான் இங்கிலாந்தில் தியேட்டர் நர்ஸ், 11 வருடமாகிறது. இங்கே நீல வேப்பரைசரைப் பார்த்தே நாளாச்சு டாக்டர். ஸ்காட்லாந்து 2023-இல் முதலில் நிறுத்தியது, அடுத்த வருடம் இங்கிலாந்து. தவிர்க்க முடியாத கேஸ்களுக்கு மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரியிலிருந்து அப்படித்தான். எங்கள் மூத்த டாக்டர் ஒருவர் ஆரம்பத்தில் முணுமுணுத்தார். மூன்றே மாதம், மறந்துவிட்டார்.

டெஸ் ஒரு பாதிதான். இன்னொரு பாதி நைட்ரஸ் ஆக்சைடு, மூச்சில் கொடுக்கும் இன்னொரு மயக்க வாயு. எடின்பரோ பக்கம் லோதியன் ஆஸ்பத்திரிகளில் ஒரு ஃபார்மசிஸ்ட் உட்கார்ந்து, வாங்கிய நைட்ரஸ் எவ்வளவு, நோயாளிக்குப் போனது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் யாருடைய மூச்சிலும் போகவில்லை. சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு, பாதி காலியான சிலிண்டரைத் திருப்பி அனுப்புவது, இப்படியே போயிருக்கிறது. இப்போது பல இடங்களில் அந்தச் சென்ட்ரல் குழாய் லைனையே மூடிவிட்டு, மெஷினில் சின்ன சிலிண்டர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் இங்கே எல்லாம் பசுமை என்று நினைத்துவிடாதீர்கள். தையல் பிரிக்க ஒரு ஸ்டீல் கத்தரிக்கோல் கொடுப்பார்கள். நல்ல கனமான கத்தரி. இரண்டு தையல் வெட்டியதும் ஊசி, பிளேடு எறியும் ஷார்ப்ஸ் டப்பாவில் போட்டுவிட வேண்டும். முதல் முறை போடும்போது கை வரவில்லை. எங்கள் அம்மா பார்த்திருந்தால் கழுவி முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பாள்.

கையுறையும் அப்படித்தான். நோயாளியின் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கக்கூட கையுறை போடும் பழக்கம். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2018-இல் தேவையில்லாத இடத்தில் கையுறையைக் கழற்றுங்கள், கையைக் கழுவுங்கள் என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்தில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது.

---

மேலூர்க்காரன் எழுதியது:

எனக்கு மருத்துவம் தெரியாது, லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கத்தரிக்கோல் கதையைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

என் அம்மாவுக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன். கண்ணாடி வழியே கொஞ்சம் பார்க்க முடிந்தது. ஒரே அறையில் இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த டேபிளில் ஒரு பாட்டியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் முடிந்ததும் டாக்டர் எழுந்துகூடப் போகவில்லை, மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டறையில் இரண்டு மெஷினுக்கு ஒரு ஆள் போடுவோமே, அச்சு அசல் அதே. அம்மாவுக்குப் பச்சைத் துணியைத்தான் போர்த்தினார்கள், பேப்பர் துணி இல்லை.

பையன் தேடிப் பார்த்துச் சொன்னான்: 2017-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அரவிந்தில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு 6 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான மாசு, குப்பை 250 கிராம். இங்கிலாந்தில் அதே ஆபரேஷனுக்கு ஆகும் மாசில் இது 5 சதவீதம்தான். நிஜமா டாக்டர்?

---

தூங்கவைப்பவர் எழுதியது:

நிஜம்தான் அண்ணே. அதே ஆய்வில் பார்வை எப்படித் திரும்பியது என்பதிலும் அரவிந்த் குறைந்துபோகவில்லை. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தபோது காலநிலை என்ற சொல்லே யாருக்கும் பழக்கமில்லை. காசு இல்லாதவருக்கும் செய்ய வேண்டும், வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. நாற்பது வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் தராசும் கையுமாக வந்து குப்பையை எடை போட்டுப் பார்த்து வியக்கிறார்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

வியப்பதெல்லாம் சரி. சொட்டு மருந்து பாட்டில், கவுன், கையுறையெல்லாம் அடுத்தடுத்த நோயாளிக்கு அங்கே பயன்படுகிறது என்று நானும் படித்தேன். உங்கள் வீட்டு ஆளுக்கு என்றால் சம்மதிப்பீர்களா? கண்ணில் கிருமி போனால் கண்ணே போய்விடும்.

---

தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

நான் பதில் சொல்கிறேன். 26 வருடம் தியேட்டரில் நின்றவள்.

அரவிந்தில் இரண்டு கேசுக்கு நடுவே கையுறை போட்ட கையைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்கிறார்கள், கருவிகளை ஒவ்வொரு கேசுக்கும் ஸ்டெரிலைஸ் செய்கிறார்கள். கண்ணில் கிருமி தொற்றுவதை அவர்களே லட்சக்கணக்கில் எண்ணி வெளியிட்டிருக்கிறார்கள். 6 லட்சம் ஆபரேஷன். கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் போட ஆரம்பிப்பதற்கு முன் 10,000 பேரில் 7, ஆரம்பித்த பின் 2. இதை மீறி என்ன சுத்தம் வேண்டும்? அதற்காக எல்லாரும் நாளைக்கே காப்பி அடியுங்கள் என்று சொல்ல மாட்டேன். கண் வேறு, வயிறு வேறு. வயிற்று ஆபரேஷனில் கையுறையைத் திரும்பப் போடச் சொன்னால் நானே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன்.

ஆனால் துணி? நான் சேர்ந்த புதிதில் நைட் டூட்டியில் கேஸ் இல்லாத நேரம் காஸ் துணி வெட்டி மடிப்போம். நாலு ஓரமும் உள்ளே போக மடிக்க வேண்டும், ஒரு நூல் வெளியே நீட்டினால் சீனியர் சிஸ்டர் கட்டு முழுவதையும் பிரித்துக் கொட்டிவிடுவார். டிரம்மில் அடுக்கி, பக்கத்து ஓட்டையெல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றுவோம். டேப்பில் கோடு கறுத்தால்தான் வெளியே எடுப்போம். பச்சை கவுன், நோயாளி மேல் போர்த்தும் பச்சை டிரேப், கிழிந்தால் தைக்க ஒரு டெய்லர் அண்ணன் இருந்தார்.

தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஒரு ஆலோசகர் வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மூன்றே மாதத்தில் துணி எல்லாம் போச்சு. எல்லாம் பாக்கெட், பிரித்துப் போர்த்து, சுருட்டி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடு. சான்றிதழ் விதியில் துணி கூடாது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவரால் காட்ட முடியவில்லை. சுத்தமாகத் துவைத்ததற்கு, ஸ்டெரிலைஸ் செய்ததற்கு ரெக்கார்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரெக்கார்டு எழுதுவதைவிடப் பாக்கெட் வாங்குவது சுலபம்.

---

கணக்குப் புலி எழுதியது:

சிஸ்டர், பாக்கெட் வாங்குவது சுலபம் என்பதற்காக மட்டும் மாறவில்லை. நான் ஒரு ஆஸ்பத்திரியில் பர்சேஸ் பார்க்கிறேன், உள்ளே இருந்து சொல்கிறேன்.

துணி டிரேப் துவைத்தால் தண்ணீர், சோப்பு, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவு. டிஸ்போசபிள் கிட் என்றால் அது நோயாளியின் பில்லில் ஒரு வரி. நாங்கள் வாங்கும் விலை ஒன்று, பாக்கெட்டில் அச்சடித்த விலை ஒன்று. பில்லில் ஏறுவது அச்சடித்தது. ஆக, துவைத்தால் செலவு, தூக்கி எறிந்தால் வரவு. இன்சூரன்ஸ்காரர்கள் கையுறை, கவுன் மாதிரி ஐட்டங்களில் பலவற்றை வெட்டிவிடுவார்கள். அதைக் கடைசியில் கையிலிருந்து கட்டுவது நோயாளிதான்.

மருத்துவத் துறையின் மாசில் சுமார் 70 சதவீதம் கட்டடத்திலிருந்து வருவதில்லை, வாங்கும் பொருட்களை உண்டாக்கிக் கொண்டுவந்து சேர்ப்பதிலிருந்து வருகிறது என்று டாக்டர் சொன்ன அதே அறிக்கையில் இருக்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. வேப்பங்கன்று நடும் கமிட்டியில் பர்சேஸ் ஆளை யாரும் கூப்பிடுவதில்லை.

---

கேள்விக்குறி எழுதியது:

இந்த ஒரு பதிவுக்காகவே இழையை மேலே தூக்கலாம். தலைக்கு எவ்வளவு என்ற என் வாதம் நிற்கிறது, ஆனால் என் பணத்தில் தூக்கி எறிகிறார்கள் என்றால் கதை வேறு.

---

வீசிங் வேலன் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இன்ஹேலரும் இந்தப் பட்டியலில் உண்டு என்கிறார்களே? எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. பஃப் அடித்தால்தான் படியேற முடியும். இதையும் விடச் சொல்லிவிடாதீர்கள்.

---

தூங்கவைப்பவர் எழுதியது:

தம்பி, பஃப்பை விடாதீர்கள். முதலில் அது.

அழுத்தினால் புஸ்ஸென்று வரும் இன்ஹேலரில் மருந்தைத் தள்ளிவிடுவது ஃபிரிட்ஜ், ஏசி வகையைச் சேர்ந்த ஒரு வாயு. கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும். கேப்சூலைப் போட்டு உறிஞ்சும் பவுடர் இன்ஹேலரில் அந்த வாயு கிடையாது. நம் ஊரில் அதைத்தான் பலரும் ரோட்டாகேப் என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிறார்கள், விலையும் குறைவு. பெரியவர்களில் பலருக்கு அது போதும். ஆனால் சின்னக் குழந்தைக்கும், மூச்சு இழுக்கத் தெம்பில்லாத வயதானவருக்கும், வீசிங் முற்றிய நேரத்திலும் பவுடரை உறிஞ்ச முடியாது. அங்கே பஃப்பும், அதன் வாயில் மாட்டும் ஸ்பேசர் குடுவையும்தான். உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். தினமும் போட வேண்டிய தடுப்பு மருந்தை ஒழுங்காகப் போட்டாலே அவசர பஃப் குறையும், அதுவே பெரிய விஷயம்.

---

பயோமெட் பாண்டி எழுதியது:

மலர் அக்கா நைட்ரஸ் கசிவு சொன்னதிலிருந்து எனக்குக் கை அரிக்கிறது. டாக்டர், சிலிண்டர்களை மாட்டிக் குழாய்க்கு வாயு அனுப்பும் உங்கள் மேனிஃபோல்டு ரூமில் எப்போதாவது சிலிண்டரை எடை போட்டுப் பார்த்ததுண்டா?

ஆக்சிஜனுக்குக் கேஜ் பார்த்தால் போதும், குறையக் குறைய ஊசி இறங்கும். நைட்ரஸ் அப்படி இல்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை ஊசி ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிறோமே, அதே கதை. அதனால் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது, சப்ளையர் வந்து மாற்றிவிட்டுப் போவார். பெரிய சிலிண்டரில் சுமார் 30 கிலோ. நைட்ரஸ் கார்பன் டை ஆக்சைடுக்குச் சுமார் 270 மடங்கு. ஒரு சிலிண்டர் கசிந்தால் 8 டன். உங்கள் டெஸ் பாட்டில் ஒன்பதுக்குச் சமம்.

செய்முறை: சனிக்கிழமை கடைசி கேஸ் முடிந்ததும் எல்லா மெஷினிலும் நைட்ரஸ் ஹோஸை சுவரிலிருந்து கழற்றுங்கள். ஒரே ஒரு சிலிண்டரை எடை போட்டு, லைனில் மாட்டி, திறந்து வையுங்கள். மற்றவை மூடியிருக்கட்டும். திங்கள் காலை முதல் கேசுக்கு முன் கழற்றி மறுபடி எடை போடுங்கள். தராசு இல்லை என்று சொல்லாதீர்கள், மருத்துவக் கழிவுப் பைகளைத் தினமும் எடை போட்டுக் கணக்கு எழுதுவார்கள், அங்கே இருக்கும்.

அப்புறம் தியேட்டர் ஏசி. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்பது கேஸ் நடக்கும்போது. ராத்திரி பூட்டிக் கிடக்கும் தியேட்டருக்கும் அதே வேகத்தில் ஓட்டுகிறார்கள். உள்ளழுத்தம் குறையாமல் ஃபேன் வேகத்தைத் தணித்து வைக்கலாம். இதைப் பற்றித் தனி இழையே போடலாம், இப்போது தராசைத் தேடுங்கள்.

---

தூங்கவைப்பவர் எழுதியது (10 நாள் கழித்து):

பாண்டி, எடை போட்டேன்.

சனி மாலை 3:30-க்கு 82.4 கிலோ. திங்கள் காலை 6:30-க்கு 76.1. நடுவில் ஒரு கேஸ்கூட இல்லை. கேஜ் ஊசி நீங்கள் சொன்ன மாதிரியே நின்ற இடத்தில் நின்றது. 6.3 கிலோ என்றால் 1.7 டன் கார்பன் டை ஆக்சைடு, ஒரே வார இறுதியில். தராசு பழுதோ என்று அட்டெண்டர் தம்பியை ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். 64. அவர் சொன்ன எடையும் அதேதான்.

மெயின்டனன்ஸ் ஆளும் நானும் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு, சுவரில் வாயு எடுக்கும் ஒவ்வொரு அவுட்லெட்டாகப் போனோம். தியேட்டரில் இல்லை, ரெக்கவரியில் இல்லை. பழைய வரைபடத்தைப் பார்த்தால் லைன் முதல் மாடிக்கும் போகிறது. அங்கே முன்னால் லேபர் ரூம், இப்போது மெடிக்கல் ரெக்கார்டு ரூம். இரும்பு பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவரில் நீல அவுட்லெட். சோப்புத் தண்ணீர் வைக்கவே தேவையில்லை, சத்தமே கேட்டது. ரெக்கார்டு ரூம் அண்ணனிடம் கேட்டேன். "அது எப்பவும் ஸ்ஸ்ஸுனு கேக்கும் சார், பல்லின்னு நினைச்சேன்" என்றார். மத்தியானம் ஆனால் கண்ணைச் சொக்கும் என்றும் சொன்னார். அது சாப்பாட்டு மயக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த ரூமின் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மாடி வால்வை மூடியாச்சு.

டேபிள் 2-இல் நீல வேப்பரைசரைக் கழற்றி ஸ்டோரில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன், ஆனால் கேட்க வேண்டும். இதுவரை ஒருவர் கேட்டார், உடல் பருமனுக்கான ஒரு பேரியாட்ரிக் கேசுக்கு. கொடுத்தேன். செவோவிலும் வாயு வேகத்தை நிமிடத்துக்கு 4 லிட்டரிலிருந்து 1-க்கு இறக்கியிருக்கிறோம்.

---

கணக்குப் புலி எழுதியது:

லேபர் ரூம் எப்போது மாடி மாறியது டாக்டர்?

---

தூங்கவைப்பவர் எழுதியது:

2019.

---

கணக்குப் புலி எழுதியது:

நைட்ரஸ் பில் ஃபைலை எடுத்து வையுங்கள். உங்கள் நிர்வாக இயக்குநரிடம் கார்பன் என்று ஆரம்பிக்காதீர்கள். பில்லை மட்டும் காட்டுங்கள்.